சித்திரைப் புத்தாண்டு மரதன்: முதன்முதலாக ஓடப் போகிறவர்களுக்கு

சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில், விடியப்புறம் ஐந்தரை மணிக்கே எங்கள் ஊர் ஒலிபெருக்கி விழித்துவிடும். “மரதன் ஓட்டத்தில் பங்குபற்றும் போட்டியாளர்கள் உடனடியாக மைதானத்துக்கு வரவும்” என்ற அறிவிப்பு பனங்கூடல் தாண்டிக் கேட்கும். கயிறிழுத்தல், சைக்கிள் ஓட்டம், கிடுகு பின்னுதல் என்று பொழுது சாயும்வரை நடக்கும் விளையாட்டு விழாவுக்கு மரதன்தான் பிள்ளையார் சுழி. வடக்கு, கிழக்கு, மலையகம், தெற்கே சிங்கள ஊர்கள் என்று இலங்கை முழுவதும் இந்த வழக்கம் இருக்கிறது. இந்த முறை நானும் பெயர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல சித்திரைகள் ஓடியவன், இப்போது தண்ணீர் மேசையில் நிற்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவை இவை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு தெளிவு. உலகப் போட்டிகளில் மரதன் என்றால் 42.195 கிலோமீற்றர். ஊர்களில் நாம் மரதன் என்று சொல்வது பெரும்பாலும் 5 முதல் 10 கிலோமீற்றர் வரையான வீதி ஓட்டம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தூரத்தைக் குறைத்து வைப்பதுண்டு. ஆகவே பெயர் கொடுக்கும்போதே விளையாட்டுக் கழகக்காரரிடம் நான்கு விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீற்றர்? எத்தனை மணிக்குப் புறப்பாடு? எந்த வீதியால் போய் எந்தச் சந்தியில் திரும்புவது? ஊரவருக்கு மட்டுமா, எல்லோருக்கும் திறந்த போட்டியா? திறந்த போட்டி என்றால் வெளியூர்களில் இருந்து நன்றாகப் பயின்றவர்கள் வருவார்கள். அவர்களுடைய வேகம் உங்களுடைய கணக்குக்குள் வரவே கூடாது. முதல் வருடம் உங்களுக்கு ஒரே ஒரு குறிக்கோள் போதும்: புறப்பட்ட மைதானத்துக்குச் சுயநினைவோடும் நல்ல காலோடும் திரும்பி வருவது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்முனைக்கு நேர் உச்சியில் வரும் சூரியன், 15 அளவில் யாழ்ப்பாணத்துக்கு உச்சியில் நிற்கிறது. அதாவது நாம் புத்தாண்டு கொண்டாடுகிற அதே நாட்களில்தான் வெயில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. காலை 6 மணியை ஒட்டிப் பொழுது புலர்கிறது. ஏழரைக்கெல்லாம் தார் வீதி சூடேறத் தொடங்கிவிடும். காற்றில் ஈரப்பதன் அதிகமாக இருப்பதால் வியர்வை காயாமல் வழிந்தோடும். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். வழிந்தோடும் வியர்வையால் தண்ணீரும் உப்பும் போகின்றனவே தவிர, உடற்சூடு அவ்வளவாக இறங்குவதில்லை. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவர் ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்த செய்தி நம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த ஊரில் மரதன் என்று கேட்டாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, “எத்தனை மணிக்குத் தொடங்குகிறார்கள்?” என்பதுதான். 6 மணிக்கு என்று போட்டுவிட்டு, விருந்தினர் வரவில்லை, கொடி ஏற்றவில்லை என்று ஏழரைவரை இழுத்தடித்தால், புதிதாக ஓடுகிற நீங்கள் பெயரை விலக்கிக்கொள்ளத் தயங்காதீர்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பரவாயில்லை.

பெயர் கொடுப்பதற்கு முன் வைத்தியரைக் கண்டே ஆக வேண்டியவர்களும் உண்டு. ஓடும்போதோ படியேறும்போதோ நெஞ்சு நோவு வந்தவர்கள், முன்பு மயங்கி விழுந்தவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்பால் யாரையேனும் இழந்தவர்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். டெங்கு அல்லது வேறு காய்ச்சல் வந்து தேறி இரண்டு கிழமை ஆகாதவர்கள் இந்த வருடம் பார்வையாளராக நில்லுங்கள். வருகிற சித்திரையிலும் வீதி அங்கேதான் இருக்கும்.

மாசியும் பங்குனியும்

மாசி முதலாம் திகதி பயிற்சியைத் தொடங்கினால் சித்திரை பிறக்கச் சரியாக இரண்டு மாதம் கிடைக்கிறது. 5, 6 கிலோமீற்றர் ஓட அது தாராளமாகப் போதும். கிழமைக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் ஓட வேண்டும் என்ற ஆசையில் இறங்கியவர்கள் மூன்றாம் கிழமையிலேயே முழங்கால் நோவென்று சுருண்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாசி முதல் அரைவாசியில் ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடவுங்கள். இப்படி எட்டு முதல் பத்துத் தடவை. மாசிப் பிற்பகுதியில் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. பங்குனி பிறந்ததும் பத்து நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் பத்து நிமிடம். பங்குனி நடுவில் இருந்து நிற்காமல் 25, 30 நிமிட ஓட்டம். அதில் ஞாயிறு காலை மட்டும் கொஞ்சம் நீட்டி, பங்குனி முடிவதற்குள் ஒரு தடவையாவது போட்டித் தூரத்தை நடந்தும் ஓடியுமாவது கடந்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் போட்டி 10 கிலோமீற்றர் என்றால், மாசியிலேயே 5 கிலோமீற்றர் சிரமமின்றி ஓடக்கூடியவராக இருந்தாலொழிய இந்த வருடம் அதை எடுக்காதீர்கள். பக்கத்து ஊரில் குறைந்த தூரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புத்தாண்டுக் காலத்தில் ஏதோ ஓர் ஊரில் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும்.

பயிற்சி ஓட்டத்தின் வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே ஒரு தேவார வரியை மூச்சு முறியாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். முடியாவிட்டால் குறையுங்கள்.

பங்குனியில் கிழமைக்கு ஒருநாள் மட்டும் ஆறரை, ஏழு மணிக்குச் சற்று வெயில் பிடிக்கும்படி ஓடுங்கள். உடல் சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நாள் எடுக்கும். பழகிய உடல் முந்தியே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் போகிற உப்பும் குறையும். வெளிநாட்டில் இருந்து புத்தாண்டுக்கு ஊர் வருகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். குளிர் நாட்டில் எவ்வளவு ஓடிப் பயின்றிருந்தாலும், விமானத்தால் இறங்கி மூன்றாம் நாள் இந்த வெயிலில் போட்டி வேகத்தில் ஓடுவது ஆபத்து. ஓடத்தான் வேண்டும் என்றால் பாதி வேகத்தில் ஓடுங்கள்.

விடியப்புற இருட்டில் பயிற்சி எடுப்பவர்கள் வெள்ளைச் சட்டை அணிந்து, எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி வீதியின் வலப்பக்கமாக ஓடுங்கள். பிறகு நாய்கள். ஒழுங்கை முகப்பில் படுத்திருக்கும் நாய் ஓடுகிறவரைக் கண்டால் துரத்தும். நீங்கள் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டும். ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டாக நடந்து விலகிப் போங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

சப்பாத்து, உடுப்பு

ஓட்டத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்குவதாக இருந்தால் பங்குனி தொடக்கத்திலேயே வாங்குங்கள். கால் ஓடும்போது சற்று வீங்கும் என்பதால், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருக்க வேண்டும். வருடப் பிறப்புக்கு எடுத்த புதுச் சப்பாத்தை அன்றே போட்டு ஓடினால் இரண்டாம் கிலோமீற்றரில் குதிகால் கொப்பளித்துவிடும். வெறுங்காலோடு ஓடிப் பரிசு பெறுகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் சிறுவயதில் இருந்து அப்படியே ஓடிப் பாதம் உரமேறியவர்கள். பயிற்சி முழுவதும் வெறுங்காலில் எடுத்தவர் மட்டும் போட்டியிலும் அப்படி ஓடலாம்.

பருத்திப் பெனியன் வியர்வையை உறிஞ்சிப் பாரமாகிவிடும். கழகங்கள் விளையாட்டுக்குக் கொடுக்கும் மெல்லிய பொலியெஸ்ரர் மேற்சட்டை நல்லது, வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. அக்குளிலும் உட்தொடையிலும் முலைக்காம்பிலும் கொஞ்சம் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். பூசாதவர் அன்று குளிக்கும்போது எரிவில் துள்ளுவார்.

வருடப் பிறப்பு நாளும் பலகாரத் தட்டும்

மற்ற நாட்டு ஓட்டக்காரர்களுக்கு இல்லாத ஒரு சோதனை நமக்கு உண்டு. ஓட்டத்துக்கு முதல் நாள்தான் பொங்கல், பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு, மத்தியானம் பல கறிச் சாப்பாடு. போகிற வீடெல்லாம் தட்டு நீட்டுவார்கள். மறுப்பதும் அழகல்ல. ஆகவே காலையிலும் மத்தியானத்திலும் மனநிறைவோடு சாப்பிடுங்கள். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதீர்கள். “நாளைக்கு ஓடுகிறேன், மாமி. எனக்குரியதைச் சரையில் கட்டித் தாருங்கள்” என்று கேட்டால் எந்த வீட்டிலும் சந்தோசமாகக் கட்டித் தருவார்கள். இரவு ஏழு மணியளவில் இடியப்பமும் சொதியும், அல்லது சோறும் காரம் குறைந்த ஒரு கறியும் அளவாகச் சாப்பிடுங்கள். உறைப்பும் பருப்பும் அதிகமானால் மறுநாள் வயிறு வழியில் வேலை காட்டும். மது அறவே வேண்டாம். கொண்டாட்ட நாளில் இது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். மது உடலில் இருந்து தண்ணீரை வெளியேற்றிவிடும், நித்திரையையும் கெடுத்துவிடும்.

நித்திரை பற்றியும் ஒன்று. புண்ணியகாலம் சில வருடங்களில் நள்ளிரவிலோ விடியப்புறத்திலோ வரும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நேரம் வேறுபடும். மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, கோயிலுக்குப் போய்வர அந்த இரவு நித்திரை குலைந்துதான் போகும். பஞ்சாங்கத்தை முன்கூட்டியே பார்த்து, அதற்கு முந்திய இரண்டு இரவுகளில் நன்றாகத் தூங்கிவிடுங்கள். ஓட்டத்துக்கு முந்திய ஓர் இரவு நித்திரை குறைந்தால் பெரிய பாதிப்பு இல்லை.

முதல்நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டப் பாதையை ஒருதரம் சுற்றி வாருங்கள். எங்கே நிழல், எங்கே கல் பெயர்ந்த வீதி, எங்கே வெட்டவெளி என்று மனத்தில் பதியும். வல்லை வெளி மாதிரி மரமே இல்லாத இடம் பாதையில் இருந்தால், அதற்கு முன்னால் எங்கே தண்ணீர் குடிப்பது என்று அன்றே தீர்மானித்துக்கொள்ளலாம்.

விடியப்புறம்

6 மணி ஓட்டத்துக்கு 4 மணிக்கு எழும்புங்கள். எழும்பியதும் இரண்டு குவளை தண்ணீர். நாலரை மணிக்குள் ஒரு கதலி வாழைப்பழமும் இரண்டு துண்டு பாணும், பழக்கமானால் ஒரு தேநீரும். பயிற்சியின்போது சாப்பிட்டு ஓடிப் பழகாத எதையும் அன்று புதிதாக வாயில் வைக்காதீர்கள். முழங்கால் நோகும் என்று முன்கூட்டியே வலி மாத்திரை போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடலில் தண்ணீர் குறையும் நேரத்தில் அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கும். தயவுசெய்து போடாதீர்கள். வீட்டை விட்டு இறங்கும் முன் மலசலகூடம் போய்வந்துவிடுங்கள். மைதானத்தில் அந்த வசதி இருக்கும் என்று நம்ப முடியாது.

மைதானத்தில் இலக்கம் எழுதிய தாளும் சேஃப்டி பின்னும் தருவார்கள். நெஞ்சுப் பக்கம் நான்கு மூலையும் குத்துங்கள். இரண்டு மூலை மட்டும் குத்தினால் வழி நெடுகப் படபடத்து, வியர்வையில் கிழிந்து விழும். இலக்கம் இல்லாமல் வந்தால் முடித்ததற்குக் கணக்கு இல்லை. தாளின் பின்புறம் உங்கள் பெயர், வீட்டாரின் தொலைபேசி இலக்கம், ஏதும் நோய் இருந்தால் அது, மூன்றையும் பேனாவால் எழுதிவையுங்கள். எங்கள் மேசைக்கு வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்டு எழுத வைக்கிறோம்.

திரும்புகிற சந்தியில் நீங்கள் உண்மையிலேயே சென்றீர்கள் என்பதற்கு அடையாளமாகச் சில இடங்களில் கையில் மை பூசுவார்கள், சில இடங்களில் ரப்பர் வளையம் தருவார்கள். என்ன அடையாளம் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதலாவது கிலோமீற்றர்

விசில் ஊதியதும் நடப்பதைச் சொல்கிறேன். முன்னால் மோட்டார் சைக்கிள் ஒலியெழுப்பிக்கொண்டு போகும். வாசிகசாலைத் திண்ணையில் இருந்து கைதட்டல். படலைகளில் அம்மாமார், மதிலில் ஏறிய சிறுவர்கள், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சிநேகிதர்கள். இளம் பொடியன்கள் நூறு மீற்றர் ஓட்டம் போலப் பறப்பார்கள். உங்கள் காலும் தானாகப் பறக்கும். நான் முதல் வருடம் அப்படித்தான் பறந்தேன். இரண்டாம் கிலோமீற்றரில் விலாப் பிடித்தது. நான்காம் கிலோமீற்றரில் ஒரு மதகைத் தாண்டும்போது வீதி சரிவது போல் இருந்தது, வியர்த்திருந்த கைகள் சில்லிட்டன. பக்கத்துப் படலையில் செம்போடு நின்ற ஒரு ஆச்சி என் தோளைப் பிடித்து நிழலுக்கு இழுத்து, பிடரியில் தண்ணீரை ஊற்றினார். பிறகு செம்பைக் கையில் தந்து, “தம்பி, நடந்துகொண்டு குடியும். ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம்” என்றார். கிணற்றுத் தண்ணீர், தேசிக்காயும் உப்பும் கலந்தது. அந்தச் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது. கால் மணி நேரம் அந்த நிழலில் நின்றேன், பிறகு நடந்தே மைதானம் போனேன்.

ஆகவே கூட்டத்தின் பின்பாதியில் நின்று புறப்படுங்கள். முதலாவது கிலோமீற்றரை உங்கள் பயிற்சி வேகத்தைவிடவும் மெல்ல ஓடுங்கள். தேவார வரியைச் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் முந்திப் போகட்டும். மூன்றாம் கிலோமீற்றருக்குப் பிறகு அவர்களில் பலரை நீங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடப்பீர்கள். அது நடக்கும்போது உடம்பில் வருகிற தெம்பு தனி.

விலாப் பிடித்தால் வேகத்தைக் குறைத்து, வயிற்றில் இருந்து ஆழமாக மூச்சை வெளியே விடுங்கள். கெண்டைக்கால் இழுத்தால் ஓரமாக நின்று, மதிலில் கையூன்றிக் குதிகாலை நிலத்தில் அழுத்தி நீட்டுங்கள். நடப்பது தோல்வி என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஏழு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கிறேன் என்று திட்டமிட்டே ஓடலாம்.

தண்ணீர் விடயத்தில் இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது. குடிக்காமலே ஓடுவது ஒன்று. ஒவ்வொரு படலையிலும் தருவதையெல்லாம் குடித்து வயிறு குலுங்க ஓடுவது மற்றொன்று. தாகத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று மிடறு குடித்து, மிச்சத்தைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றுங்கள். தோடம்பழத் துண்டு தந்தால் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை வீதியில் போடாமல் கையில் வைத்திருங்கள். பின்னால் வருகிறவர் வழுக்கி விழக் கூடும்.

நீங்கள் நின்றே ஆக வேண்டிய அறிகுறிகள் இவை: நெஞ்சு நோவு, கண் இருட்டுதல், தலைசுற்று, வெயிலில் நின்றும் உடல் புல்லரித்துக் குளிர்தல், வாந்தி. பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ உங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பிடியுங்கள். நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். இதற்கிடையில் ஒருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கட்டும், கட்டணம் இல்லை. வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சூட்டுப் பாதிப்பில் முதல் சில நிமிடங்களில் உடலைக் குளிரவைப்பதுதான் உயிரைக் காக்கிறது.

மைதானம் திரும்பிய பிறகு

கோட்டைத் தாண்டியதும் அப்படியே இருந்துவிடத் தோன்றும். இருக்காதீர்கள். காலில் இறங்கிய இரத்தம் திரும்பி ஏற நேரம் வேண்டும், உடனே நின்றால் தலைசுற்றி விழுத்தும். பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி நடவுங்கள். இலக்கத்தைப் பதியக் கொடுத்துவிட்டு, இளநீரோ உப்பிட்ட மோரோ, ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஜீவனியைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் மட்டும் கரைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். மாமி சரையில் கட்டித் தந்த அரியதரத்துக்கு இப்போது நேரம் வந்துவிட்டது. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும். தேநீர்ச் சாயம் போலக் கறுத்துப் போனால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

பிற்பகல் விளையாட்டுகளுக்கும் உங்கள் பெயரை யாராவது கொடுத்திருப்பார்கள். யானைக்குக் கண் வைத்தல், கிடுகு பின்னுதல், தேங்காய் துருவுதல் எல்லாவற்றிலும் தாராளமாகச் சேருங்கள். கயிறிழுத்தலுக்கும் வழுக்குமரத்துக்கும் மட்டும் “இன்றைக்கு மாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். காலையில் களைத்த தசை பின்னேரம் கயிற்றில் இழுபட்டால் அறுந்துவிடும், ஆறு மாதம் ஆகும் ஆற. மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை விறைத்திருக்கும். அந்த இரண்டு நாளும் நடை மட்டும்.